கொரோனாவில் இன்ஜினியர்கள் என்ன கிழித்தார்கள்?

2023 மே 6, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

உலக சுகாதார நிறுவனம் நேற்று கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. இந்த மூன்று வருடத்தில் நம்மைக் காப்பாற்றியது டாக்டர், நர்ஸ், தூய்மைப் பணியாளர்கள். தெருவுக்கு நாலு இன்ஜினியர் இருக்கிற மாநிலம் இது. அவர்கள் என்ன கிழித்தார்கள்? வீட்டில் உட்கார்ந்து லேப்டாப் தட்டியதைத் தவிர ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

2023 மே 6, இரவு 10.40

காலால் மிதித்தால் சொட்டுகிற சானிடைசர் ஸ்டாண்ட் செய்தோம். எங்கள் ஊரில் வெல்டிங் மெஷின் வைத்திருந்த அத்தனை பேரும் செய்தார்கள். இப்போது அதில் பாதி, துணிக்கடை வாசலில் குடை மாட்ட நிற்கிறது.

கேள்வி கோபத்தைக் கிளப்பியது. பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் அவ்வளவு சுலபமாக எதுவும் வரவில்லை என்று தெரிந்தது. நாளைக்கு எழுதுகிறேன்.

2023 மே 7, காலை 7.15

நான் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன், 26 வருடமாக. ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றால், காற்று. மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற ஆட்டோகோனர் முதல் பாதி மெஷின்கள் கம்ப்ரஸ்டு ஏரில், அதாவது அழுத்திய காற்றில்தான் ஓடும். எங்கேயோ ஒரு ஜாயின்ட் கசியும், கம்ப்ரசர் சும்மாவே ஓடும், கரண்ட் பில் ஏறும். கசிவைத் தேடி அடைப்பதுதான் என் வாழ்க்கை. கல்யாணப் பத்திரிகையில் அப்படிப் போட முடியாது, ஆனால் உண்மை அதுதான்.

2021 மே நடுவில் பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தெரிந்தவர் மூலம் ஒரு போன். “சிலிண்டர் வண்டி வண்டியாக வருகிறது. ஆனாலும் கடைசி வார்டில் மெஷின் கத்துகிறது. பைப் தெரிந்த ஆள் யாராவது வர முடியுமா?” அந்த வாரத்தில் தமிழ்நாட்டில் ஒரு நாளைய தொற்று 30 ஆயிரத்துக்கு மேல். 21ஆம் தேதி அது 36 ஆயிரத்தையும் தாண்டியது. பொதுப்பணித்துறை ஆட்கள் இருந்தார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல், மிச்சமிருந்தவர் மூன்று ஆஸ்பத்திரிக்கு ஒருவராக ஓடிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நானும் எங்கள் ஃபிட்டர் தம்பி ஒருவனும் போனோம். வீட்டில் சொல்லவில்லை. மில்லில் கம்ப்ரசர் கோளாறு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஒரு வகையில் பொய்யும் இல்லை.

2023 மே 7, இரவு 9.30

தொடர்ச்சி. மேனிஃபோல்ட் அறை என்று ஒன்று இருக்கிறது, சிலிண்டர்களை வரிசையாக மாட்டி வார்டு பைப்புக்கு ஆக்சிஜன் அனுப்புகிற இடம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி, தகரக் கூரை. இடப்பக்கம் பன்னிரண்டு ஜம்போ சிலிண்டர், வலப்பக்கம் பன்னிரண்டு. ஒரு பக்கம் தீர்ந்தால் மறுபக்கம் திறந்துகொள்ளும். தீர்ந்த பக்கத்தைக் கழற்றிப் புதிதை மாட்ட வேண்டும். சாதாரண நாளில் ஒரு ஷிஃப்டுக்கு ஒரு தடவை நடக்கிற வேலை. அன்றைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

அங்கே இருந்த அண்ணன் ஒப்பந்தத் தொழிலாளி. சிலிண்டரை லேசாகச் சாய்த்து, அடி விளிம்பில் நிறுத்தி, பம்பரம் மாதிரிச் சுழற்றியே இருபதடி நகர்த்துவார். காலி சிலிண்டரே ஐம்பது கிலோவுக்கு மேல். நான் யாரென்று அவருக்குச் சொன்னதும் கேட்டது ஒன்றே ஒன்று: “சார், அடுத்த வண்டி எங்க வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?” தெரியாது என்றேன். “அப்ப ஸ்பேனர் பிடிங்க.”

முதல் அரை மணி நேரம் ஸ்பேனர்தான் பிடித்தேன்.

அங்கே ஒரு நட் இறுகிக் கிடந்தது. தம்பி பழக்க தோஷத்தில் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துவிட்டான். மில்லில் நட் திரும்பவில்லை என்றால் ஒரு சொட்டு விடுவோம், கை தானாகப் போகும். நான் போட்ட கத்தலில் வெளியே நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். 150 பார் அழுத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் எண்ணெய் பட்டால் பற்ற வைக்கத் தீக்குச்சியே வேண்டாம். அந்தக் குப்பியைச் சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

அப்புறம் வார்டு. பிபிஇ உடைக்குள் பத்து நிமிடத்தில் மூக்குக் கண்ணாடி பனி மூடிவிட்டது. கசிவு தேட வந்தவனுக்குக் கண் தெரியவில்லை. தம்பிதான் கண். ஒரு குவளையில் தண்ணீர், ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட், பெயிண்ட் பிரஷ். சுவரில் ஒவ்வொரு அவுட்லெட்டாகத் தடவிக்கொண்டு போனோம். முதல் சுற்றில் பதினோரு இடத்தில் நுரை வந்தது. பெரும்பாலும் தேய்ந்துபோன ஓ-ரிங், கசியாமல் இருக்கப் போடுகிற ரப்பர் வளையம். சுவர் அவுட்லெட்டில் ஃப்ளோமீட்டரை (ஆக்சிஜன் ஓட்டத்தை அளக்கிற கருவி) குத்துகிற இடத்தில் இருக்கும், சுண்டுவிரல் மோதிரம் அளவுகூட இருக்காது.

கையுறை போடுவதற்கு முன் தம்பி ஒரு வேலை செய்வான். மில் சத்தத்தில் காற்று சீறுவது காதில் விழாது. அதனால் புறங்கையை நனைத்துவிட்டு ஜாயின்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோவோம், கசிந்தால் சில்லென்று இருக்கும். மேனிஃபோல்ட் அறையில் அப்படியே மூன்றைக் கண்டுபிடித்தான். எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

2023 மே 8, காலை 6.50

“கசிவை அடைத்ததற்கா இவ்வளவு பீற்றல், அது பிளம்பர் வேலை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், பிளம்பர் வேலைதான். அன்று இல்லாமல் போனது அதுதான்.

2023 மே 8, இரவு 11.00

கணக்கு கேட்டவர்களுக்கு. அன்று இரவு ஒரு மருந்துக் கம்பெனி நோட்டீஸின் பின்பக்கத்தில் போட்டது.

ஆக்சிஜன் படுக்கையில் 40 பேர், ஆளுக்குச் சராசரியாக நிமிடத்துக்கு 10 லிட்டர். அது 400. மூக்கு வழியாக வேகமாகக் காற்றுத் தள்ளும் ஹை ஃப்ளோ மெஷின் 8, ஒவ்வொன்றும் 50 லிட்டர். அது 400. மொத்தம் நிமிடத்துக்கு 800 லிட்டர், ஒரு மணி நேரத்துக்கு 48 கனமீட்டர். ஒரு ஜம்போ சிலிண்டரில் 7 கனமீட்டர். ஆக மணிக்கு ஏழு சிலிண்டர், ஒரு நாளைக்கு 165. இதையே திரவமாகக் கொண்டுவந்தால் ஒன்றரை டன், ஒரு சின்ன டேங்கர். திரவ ஆக்சிஜன் ஒரு லிட்டர் கொதித்தால் 860 லிட்டர் வாயு. டேங்க் இருக்கிற ஆஸ்பத்திரிக்கும் சிலிண்டரை உருட்டுகிற ஆஸ்பத்திரிக்கும் வித்தியாசம் இந்த ஒரு எண்தான். அந்த அண்ணனின் முதுகுவலியும் இந்த எண்தான்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் ஆர்.எம்.ஓ. (ஆஸ்பத்திரிப் பொறுப்பு டாக்டர்) மேலே போன் போட்டு “இன்னும் நாலு மணி நேரம்தான்” என்று தேதி நேரத்தோடு சொன்னார். அதுவரை எல்லோரும் “தட்டுப்பாடு, தட்டுப்பாடு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே இருப்பவருக்கு அந்த வார்த்தை ஐம்பது ஆஸ்பத்திரியிலிருந்து வரும். மணிக்கணக்கு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்துதான் வந்தது.

2023 மே 9, காலை 8.20

கடைசி வார்டில் மெஷின் கத்தியது ஏன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கசிவு ஒரு காரணம், பெரிய காரணம் இல்லை. அந்த பைப் லைன் போட்ட காலத்தில் படுக்கைக்கு இரண்டு, மூன்று லிட்டர் என்று நினைத்துப் போட்டிருப்பார்கள், அதுவும் எல்லாப் படுக்கையும் ஒரே நேரத்தில் இழுக்காது என்று. இப்போது எல்லோரும் இழுக்கிறார்கள். குழாயில் ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்த இழப்பு ஏறக்குறைய நாலு மடங்கு. ஓட்டம் நாலு மடங்கானால் பதினாறு. மேனிஃபோல்டில் அழுத்தம் காட்டுகிற கேஜ் 4.2 பார் காட்டுகிறது, கடைசி வார்டில் 3-ஐத் தொட்டு ஆடுகிறது. ஆலையில் கடைசி மெஷின் ‘லோ ஏர்’ என்று நிற்பது மாதிரியேதான்.

பெரிய பைப் போடலாம். தாமிரக் குழாய் எங்கே, அதைப் பற்றவைக்க பிரேஸிங் பண்ணுகிற ஆள் எங்கே, அதற்கு லைனை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் ஆட்கள் செத்துப் போவார்கள்.

எட்டு ஹை ஃப்ளோ மெஷினில் ஐந்து அந்தக் கடைசி வார்டில் இருந்தன. அங்கே ஏசி இருந்ததாம், அதனால் நிலைமை மோசமான நோயாளிகளை அங்கே வைத்திருந்தார்கள். ‘இவர்களை மேனிஃபோல்டுக்குப் பக்கத்து வார்டுக்கு மாற்ற முடியுமா?’ என்று கேட்டேன். தலைமை நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஐந்து பேரை, ஆளுக்கொரு போர்ட்டபிள் சிலிண்டரோடு, விடியற்காலை இரண்டு மணிக்கு நகர்த்துவது எவ்வளவு ஆபத்து என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் நகர்த்தினார்கள். மூன்றரைக்கு கடைசி வார்டின் கேஜ் 3.8.

பைப்பை மாற்றவில்லை, கட்டிலை மாற்றினோம். நான் செய்தது கேள்வி கேட்டது. தள்ளியது முழுக்க அவர்கள்.

2023 மே 10, இரவு 10.15

திருத்தம். மயக்கவியல் டாக்டர் ஒருவர் தனியாக எழுதியிருந்தார். என் கணக்கு தப்பு.

ஹை ஃப்ளோ மெஷின் 50 லிட்டர் தள்ளுகிறது என்றால் 50-ம் ஆக்சிஜன் இல்லை. சாதாரணக் காற்றையும் கலந்துதான் தள்ளும். காற்றிலேயே 21 சதவீதம் ஆக்சிஜன் உண்டு. நோயாளிக்கு 60 சதவீதம் வைத்தால் லைனிலிருந்து இழுப்பது ஏறக்குறைய பாதிதான். நூறு வைத்தால்தான் முழுசும். எங்கள் எட்டுப் பேருக்குச் சராசரி 80 சதவீதம் என்று வைத்தால், 50-க்கு 37, 38 லிட்டர். எட்டுக்கும் சேர்த்து 300. மொத்தம் 800 இல்லை, 700. ஒரு நாளைக்கு 165 சிலிண்டர் இல்லை, 144.

இருபது சிலிண்டர் வித்தியாசம். இரண்டு வருடமாக அந்த நோட்டீஸை பர்ஸில் வைத்திருக்கிறேன், பெருமையாக நாலு பேரிடம் காட்டியிருக்கிறேன். நாங்கள் அந்த வாரம் கேட்டது தினமும் 165. கொடுத்தார்கள். கூடுதலாக வந்த இருபது வேறு எந்த ஊருக்குப் போக வேண்டியது என்று நேற்று இரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

“கையிருப்பு கொஞ்சம் இருப்பது நல்லதுதானே, கடைசிச் சொட்டு வரை சிலிண்டரைக் காலியாக்கவும் முடியாதே” என்று டாக்டரே ஆறுதல் சொல்லியிருக்கிறார். சரிதான். ஆனாலும்.

2023 மே 11, காலை 7.00

இன்னொரு திருத்தம், இதுவும் எனக்கு எதிராகவே. ஷாம்பு தண்ணீர். கேஸ் கம்பெனியில் இருந்த நண்பர் திட்டிவிட்டார். ஆக்சிஜன் லைனுக்கு என்றே கசிவு பார்க்கும் திரவம் உண்டு. சாதாரண சோப்பிலும் ஷாம்பிலும் கொழுப்பு, வாசனை எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். வார்டுப் பக்கத்தில் 4 பார், அங்கே தடவித் துடைத்தது பரவாயில்லை. மேனிஃபோல்டில் சிலிண்டர் பக்கத்து ஜாயின்டில் தடவியது தப்பு என்றார். எண்ணெய்க் குப்பிக்கு அந்தக் கத்துக் கத்திய நானேதான் அங்கே ஷாம்பைத் தடவினேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். யாரும் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யாதீர்கள்.

2023 மே 13, மாலை

“வென்டிலேட்டர் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?” என்று கேட்கிறார்கள்.

2020 ஏப்ரலில் எனக்கு வந்த வாட்ஸ்அப் வீடியோக்களில் பாதி இதுதான். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பையை ஒரு மோட்டார் அமுக்கும். வைப்பர் மோட்டார், ஆர்டுயினோ என்கிற சின்ன கன்ட்ரோல் போர்டு ஒன்று, இரண்டு மரக்கட்டை. என் அக்கா மகனும் ஒன்று செய்தான், பார்க்க அழகாக இருந்தது. ஒரு டாக்டரிடம் காட்டினான். அவர் கேட்ட மூன்று கேள்வியில் மூன்றாவதற்குள் அவன் மெஷினை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நோயாளி தானே மூச்சிழுக்க முயன்றால் மெஷினுக்குத் தெரியுமா? நுரையீரல் விறைத்துப்போனால் அழுத்தம் எங்கே நிற்கும்? குழாய் கழன்றால் யாருக்குச் சத்தம் கேட்கும்?

லண்டனில் அதே நேரத்தில் நடந்தது வேறு. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆட்களும் அவர்கள் ஆஸ்பத்திரி டாக்டர்களும் மெர்சிடிஸின் ஃபார்முலா ஒன் இன்ஜின் ஆலையும் சேர்ந்தார்கள். 2020 மார்ச்சில் முதல் கூட்டம். நூறு மணி நேரத்துக்குள் முதல் கருவி கையில். ஆனால் அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. காப்புரிமை முடிந்த ஒரு பழைய சிபாப் கருவியை (மாஸ்க் வழியாகத் தொடர்ந்து அழுத்தத்தில் காற்றுக் கொடுப்பது) எடுத்து, கழற்றி, அளந்து, திரும்பச் செய்தார்கள். வென்டிலேட்டர்கூட இல்லை, அதற்கு முந்தைய படி. டாக்டர்கள் கேட்டது அதைத்தான். ஒரு மாதத்துக்குள் பத்தாயிரம். வரைபடத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் இன்னொன்று. முதல் மாடல் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்தது. உடனே இரண்டாவது மாடலில் 70 சதவீதம் வரை குறைத்தார்கள். மெஷின் செய்கிறவன் மேனிஃபோல்ட் அறையை நினைத்துப் பார்த்திருக்கிறான். அதே இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 4ஆம் தேதி வாட்ஃபோர்ட் ஆஸ்பத்திரி, ஆக்சிஜன் கருவிச் சிக்கலால், ‘அவசரமென்றாலும் இங்கே வராதீர்கள்’ என்று ஊருக்கே அறிவித்தது. அவ்வளவு வசதி இருக்கிற தேசத்தில்.

அக்கா மகன் இப்போது பெங்களூரில் சாஃப்ட்வேர் பார்க்கிறான். அந்த மெஷின் பரணில் இருக்கிறது. வைப்பர் மோட்டாரை மட்டும் கழற்றி அத்தான் காரில் மாட்டிவிட்டார்.

2023 மே 14, காலை

இன்றோடு சரியாக இரண்டு வருடம். 2021 மே 14 அன்றுதான் தமிழ்நாட்டுக்கு முதல் ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ், அதாவது ஆக்சிஜன் ஏற்றி வருகிற தனி ரயில், வந்தது. மேற்கு வங்கத்துத் துர்காப்பூரிலிருந்து சென்னை தண்டையார்பேட்டைக்கு 80 டன்.

ரயில்காரர்கள் இதில் செய்த வேலை வெளியே யாருக்கும் தெரியாது. திரவ ஆக்சிஜனைக் கடுங்குளிரில் வைத்திருக்கிற கிரையோஜெனிக் டேங்கரை லாரியோடு தூக்கித் தட்டை வேகன் மேல் வைத்தால் உயரம் பிரச்சினை. சுரங்கப்பாதை, மேம்பாலம், மேலே மின்கம்பி. பல மாடல் லாரிகளை அளந்து, 3320 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு மாடல் 1290 மில்லிமீட்டர் உயர வேகனில் போகும் என்று முடிவு செய்தார்கள். ஏப்ரல் 19 அன்று மும்பைப் பக்கம் கலம்போலியிலிருந்து முதல் ரயில் காலி டேங்கர்களோடு விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பியது. மலைப்பாதையில் போக உயரம் இடிக்கும் என்று வசாய், சூரத், நாக்பூர் என்று சுற்றிக்கொண்டு போனது. டேப் வைத்து அளந்தவர் பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

நம் பக்கம் மகேந்திரகிரி. ராக்கெட் இன்ஜின் சோதிக்கிற இஸ்ரோ வளாகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் திரவ ஆக்சிஜன் போனது. ராக்கெட்டுக்கும் நோயாளிக்கும் அதே மைனஸ் 183 டிகிரிச் சரக்குதான். எங்கள் ஆஸ்பத்திரிக்கு நேரடியாக வரவில்லை, அதை வைக்க டேங்க் வேண்டுமே. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அப்படிப் போகப் போக, சிலிண்டர்கள் எங்களுக்குக் கிடைத்தன.

2023 மே 14, இரவு

தூத்துக்குடி ஸ்டெர்லைட்டைச் சொல்லாமல் மகேந்திரகிரியை மட்டும் சொல்கிறேன் என்று ஒருவருக்குக் கோபம். சொல்கிறேன். 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆக்சிஜனுக்கு மட்டும் என்று அனுமதித்தது. மே மாதம் டேங்கர் வெளியே வந்தது. ஒரு இன்ஜினியருக்கு அது காற்றைக் குளிர்வித்துப் பிரிக்கிற ஒரு பிளான்ட், ஓட வேண்டிய நேரத்தில் ஓடியது. 2018-இல் துப்பாக்கிச்சூட்டில் 13 பேரை இழந்த ஊர்க்காரருக்கு அது அப்படித் தெரியாது. என் மைத்துனர் தூத்துக்குடி. அந்த மாதம் முழுக்க இரண்டு பேரும் போனில் இதைத் தவிர மற்றதெல்லாம் பேசினோம்.

2023 மே 17, இரவு 11.50

பத்து நாளாக என்னைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டு வருகிறேன் என்று மனைவி சொன்னாள். “டனலைப் பற்றி எழுதினீங்களா?” என்றாள். எழுதவில்லை.

2020 ஏப்ரல் முதல் நாள் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்று வைத்தார்கள். ஆள் உள்ளே நடந்து போனால் மேலேயிருந்து மருந்துத் தண்ணீர் பனி மாதிரி விழும். டிவியில் காட்டினார்கள். அடுத்த வாரம் ஊர் ஊராக முளைத்தது. எங்கள் ஊர்ச் சந்தையில் முளைத்ததைச் செய்தது நான்.

மில் ஊரடங்கில் மூடிக் கிடந்தது. கை துறுதுறு என்றிருந்தது. ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் இருந்து பன்னிரண்டு நாசில் கழற்றினேன். நூல் அறுபடாமல் இருக்க ஈரக்காற்று விடுகிற நாசில், பனியாகத் தெளிப்பதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஜிஐ பைப் சட்டம், மேலே தார்ப்பாய், கால் வைத்தால் பம்பு ஓடுகிற சென்சார். இரண்டு நாளில் முடித்தேன். ரிப்பன் வெட்டினார்கள். லோக்கல் பேப்பரில் என் போட்டோ வந்தது, வாழ்க்கையில் முதல் தடவை.

மூன்றாம் நாள் கீரைக்கட்டோடு ஒரு பாட்டி உள்ளே போனார். அந்தப் பக்கம் வெளியே வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். “எரியுதுய்யா. நீ போட்டதா இது?” என்றார். ஆமாம் பாட்டி, கிருமி செத்துப் போகும் என்றேன். “கீரையும்ல சேத்து நனையுது.”

அந்த மருந்துத் தண்ணீரில் இருந்த ஹைப்போகுளோரைட் தரைக்கும் மேசைக்கும் உள்ளது. ஆள் மேல் தெளித்தால் கண், தோல், தொண்டை எரியும். மூச்சுக்குள் இருக்கிற வைரஸ் சட்டையில் தெளித்தால் சாகவா போகிறது? மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 18 அன்று ஆள் மேல் தெளிக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. அதற்கு முன்பே மாநிலத்திலும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இரவோடு இரவாகக் கழற்றினோம். போட்டோ எடுக்க யாரும் வரவில்லை.

அப்போது ஒரு டாக்டரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. பம்பு இருக்கிறது, நாசில் இருக்கிறது, எனக்குச் செய்யத் தெரியும், செய்தேன். ஒரு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் ‘கட்டிலை மாற்றலாமா’ என்று கேட்டபோது என் குரல் அவ்வளவு தாழ்ந்திருந்ததற்கு அந்தப் பாட்டிதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை.

2023 மே 18, காலை

“நாசில்களைத் திரும்ப மாட்டினீர்களா?” மாட்டினேன். இரண்டு அரித்துப் போயிருந்தது. ஸ்டோர்ஸில் இன்றுவரை கணக்குக் காட்டவில்லை.

2023 மே 21

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை.

லண்டனில் காலராவை ஒழித்ததில் பெரிய பங்கு ஜோசப் பேசல்கெட் என்ற சிவில் இன்ஜினியருக்கு. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் பாராளுமன்றமே உட்கார முடியாமல், கழிவுநீர்ச் சாக்கடைக்குப் பணம் ஒதுக்கினார்கள். அவர் கட்டினார். வேடிக்கை என்னவென்றால், நாற்றம்தான் நோய் என்ற நம்பிக்கையில் கட்டினார்கள். தண்ணீரில் காலரா இருக்கிறது என்று ஜான் ஸ்னோ 1854-லேயே சொல்லியும் பெரும்பாலோர் ஏற்கவில்லை. காரணம் தப்பு, வேலை சரி. 1866-இல் மறுபடி காலரா வந்தபோது கிழக்கு லண்டனில்தான் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அங்கே மட்டும்தான் புதிய சாக்கடை இன்னும் முடியவில்லை.

என் டனலும் தப்பான காரணத்தில் கட்டியதுதான். ஆனால் எனக்குப் பேசல்கெட் அதிர்ஷ்டம் இல்லை.

2023 மே 22

டனலையும் லண்டன் சாக்கடையையும் ஒரே வரியில் வைத்ததற்கு மூன்று பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார்கள். ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசி வார்டில் ஏசி இருந்தது என்றேன் அல்லவா, அதைப் பற்றியும் ஒருவர் கேட்டார். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருக்கிற காற்றையே குளிர வைத்துச் சுற்றிவிடும். இருமலையும் சேர்த்துத்தான். மில்லில் காற்று மாறுவது மணிக்கு எத்தனை தடவை என்று பலகையில் எழுதி வைத்திருப்போம், நூலுக்காக. வார்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. மாற்றிய அன்று ஜன்னலையும் திறக்கச் சொன்னோம். கொசு வந்தது. கொசுவலை கேட்டார்கள். அதை ரோட்டரிக்காரர்கள் வாங்கிக் கொடுத்தார்கள்.

2023 ஜூன் 11

இந்த இழை ஓய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். நேற்று வேறு வேலையாக அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். எழுத வேண்டும் போலிருந்தது.

2021 கடைசியில் அங்கே ஒரு பிஎஸ்ஏ பிளான்ட் வந்தது, காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுப்பது. காற்றை அழுத்தி ஜியோலைட் என்கிற நுண்துளைக் கனிமத்தின் வழியாக விட்டால் நைட்ரஜன் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் 93 சதவீதம் வெளியே வரும். தேஜஸ் விமானத்தில் விமானிக்கு ஆக்சிஜன் கொடுக்கச் செய்த நுட்பத்திலிருந்து மத்திய அரசின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ இப்படி நிமிடத்துக்கு 1000 லிட்டர் பிளான்ட்களை உருவாக்கியது. ஆலைகளில் இருக்கும் நைட்ரஜன் பிளான்ட்டையே இப்படி மாற்றலாம் என்று பம்பாய் ஐஐடி 2021 ஏப்ரலில் செய்து காட்டியது. உள்ளே இருக்கும் கார்பனை எடுத்துவிட்டு ஜியோலைட் போடுவதுதான் முக்கிய வேலை. எங்கள் 700-க்கு 1000 தாராளம். அது மட்டும் ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் அந்த அண்ணன் முதுகு பிழைத்திருக்கும்.

நேற்று பார்த்தேன். ஷெட்டுக்குப் பூட்டு. வாசலில் இரண்டு ஸ்கூட்டர், உடைந்த வீல்சேர் ஒன்று. சாவி யாரிடம் என்று நாலு பேரைக் கேட்டு, கடைசியில் அந்த அண்ணனிடமே இருந்தது. இப்போதும் ஒப்பந்தம்தான். என்னை அடையாளம் தெரியவில்லை, ஷாம்பு என்றதும் தெரிந்தது.

ஓடிய மணி காட்டுகிற மீட்டரைப் பார்த்தேன்: 212. “போன தீபாவளிக்கும் இதேதான் சார்” என்றார். கம்ப்ரசருக்கு ஆயில் மாற்றும் தேதி ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்திருந்தது. காற்றின் ஈரத்தை எடுக்கிற டிரையரின் தண்ணீர் வெளியேறும் டிரெய்னில் துரு. ஈரம் உள்ளே போனால் ஜியோலைட் கெட்டுப்போகும், தண்ணீரைத்தான் அது முதலில் பிடித்துக்கொள்ளும். புதிதாகக் கொண்டுவருவது சுலபமில்லை. 2021-இல் அதை விமானத்தில் ஏற்றி இறக்குமதி செய்தார்கள்.

யாரையும் குறை சொல்லி என்ன? ஆஸ்பத்திரியில் சிலிண்டர் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. பிளான்ட்டை ஓட்டினால் கரண்ட் பில்.

2023 ஜூன் 18

ஆர்.எம்.ஓ. மாறிவிட்டார். புதியவர் அனுமதி கொடுத்தார். நேற்று சனிக்கிழமை நானும் தம்பியும் போனோம், இப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. ஃபில்டர் மாற்றினோம், டிரெய்னைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். எண்ணெய்க் குப்பியை அவனே டீக்கடையில் கொடுத்துவிட்டு வந்தான், நான் சொல்லவில்லை.

ஸ்டார்ட் பண்ணியதும் ஆக்சிஜன் 70 சதவீதம் காட்டியது. பத்து நிமிடத்தில் 84. அரை மணி நேரம் ஆகியும் 91-லேயே நின்றது. மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் 93.

மீட்டர் 214-ஐத் தாண்டியதும் நிறுத்தினோம். மாதம் ஒரு சனிக்கிழமை என்று பேசியிருக்கிறோம். ஜூலையில் எனக்கு மில்லில் ஓவர்ஹால், வர முடியாது. அந்த ஒரு நாளுக்குப் பக்கத்தில் யாராவது இருந்தால் எழுதுங்கள். சாவி அண்ணனிடம் இருக்கிறது.